ஏழு மணிக்குப் போன் மேசைக்கு வர வேண்டும்

நாய் காக்கிற வீடு இந்த ஊரில் உண்டு, கேமரா காக்கிற வீடு உண்டு, தொப்பி போட்ட ஆள் காக்கிற வீடும் உண்டு. இவை மூன்றையும் தூக்கிச் சாப்பிடுகிற ஒரு காவல் இனம் வீட்டுக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருக்கிறது. போன் காக்கும் பெற்றோர் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். அதில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. மாடி வீட்டிலும் வளரும், ஷீட் போட்ட வீட்டிலும் வளரும். அதற்குத் தண்ணீர் வேண்டாம், வெயில் வேண்டாம். எங்கேயோ யாருடைய பெண்ணோ போனால் கெட்டுப்போனாள் என்று ஒரு சேதி காதில் விழுந்தால் போதும், மறுநாளே கிளை விட்டு நிற்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறீர்களா? ரொம்பச் சுலபம். பிள்ளை இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தால் இந்த இனத்துக்குத் தெரியாது. பிள்ளையின் போன் ஒரே ஒரு தடவை ‘டிங்’ என்றால், குளித்துக்கொண்டிருந்தாலும் தலையில் சோப்போடு உள்ளேயிருந்து குரல் வரும்: “யாரு அது?” பிள்ளையின் முகத்தைப் பார்த்து மாதக்கணக்காகியிருக்கும், பிள்ளையின் முகப்புப் படத்தை மட்டும் நாளுக்கு நாலு தடவை பார்த்திருக்கும். அதன் வாயில் எப்போதும் இரண்டு வசனம் தயாராக இருக்கும். ஒன்று: “நான் உன்னச் சந்தேகப்படல, உலகத்தத்தான் சந்தேகப்படுறேன்.” இன்னொன்று: “மறைக்க ஒண்ணுமில்லன்னா காட்ட இன்னா பயம்?” இந்த இரண்டாவது கேள்வியை அந்த இனத்திடமே ஒரு தடவை திருப்பிக் கேட்டுப் பாருங்கள். அதன் சொந்தப் போன் அப்போது கவிழ்ந்து படுத்திருக்கும்.

வசதியான இடத்தில் வளரும் வகைக்குப் பெயர் வித்யாலட்சுமி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடியில் பதினோராவது மாடி. மகனின் போனுக்குள் ஒரு செயலியைப் போட்டுவைத்திருக்கிறாள். அவன் எதைத் திறந்தாலும் அவள் போன் அதிரும். ஆபீஸ் மீட்டிங்கில் அதிரும், காரில் அதிரும், கோயில் வரிசையில் அதிரும், அவளும் எடுத்து எடுத்துப் பார்ப்பாள். “இன்னைக்கு ரெண்டு மணி நாப்பது நிமிஷம் பாத்திருக்கான் பாஞ்சாலி” என்று சமையல் செய்ய வருகிற பாஞ்சாலியிடம் தலையில் கை வைத்துக்கொண்டு சொல்வாள். அவன் பார்த்ததை நீங்கள் எத்தனை மணி நேரம் பார்த்தீர்கள் என்று பாஞ்சாலியின் நாக்கு நுனி வரைக்கும் வரும். வந்ததை விழுங்கிவிட்டுத் தோசையைத் திருப்பிப் போடுவாள். வேலைக்குப் போகிற வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியுமா என்ன?

இப்படி விழுங்கிவிட்டு ஜீவனஹள்ளியில் தன் வீட்டுக்கு வந்தால், அங்கே அதைவிட முற்றிய சரக்கு ஒன்று அவளுக்குப் புருஷனாக உட்கார்ந்திருக்கும். நாம் பார்க்க வேண்டியது அவரைத்தான். பெயர் கோதண்டராமன்.

வெளிவட்டச் சாலையில், முழுக்கக் கண்ணாடியில் மூடின ஒரு கட்டடத்தின் வாசலில் அவர் செக்யூரிட்டி. ஒன்பது வருஷ சர்வீஸ். உள்ளே போகிற வெளியாள் ஒவ்வொருவரின் போனையும் வாங்கி, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று கேமரா மேல் சிவப்பு வட்ட ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பிக் கொடுப்பது அவர் வேலை. உள்ளே இருக்கிற கம்பெனி ரகசியத்தை யாரும் படம் பிடித்துவிடக் கூடாதாம். வெளியே வருகிறவர்கள் அந்த ஸ்டிக்கரைக் கிள்ளி கேட் கம்பத்தில் ஒட்டிவிட்டுப் போவார்கள். அந்தக் கம்பத்துக்கு அம்மை போட்டதுபோல் இருக்கும். ரகசியம் எதுவும் இதுவரை வெளியே போனதாகத் தெரியவில்லை. உள்ளே அப்படி ஒன்று இருந்ததா என்பதும் கோதண்டராமனுக்குத் தெரியாது. ஆனால் ஸ்டிக்கர் மேல் அவருக்கு ஒரு பக்தி வந்துவிட்டது.

ஒரே மகள் சிந்து. இரண்டாம் வருஷ பியூசி, அதாவது பன்னிரண்டாவது, அறிவியல் பிரிவு. வித்யாலட்சுமி வீட்டில் புதுப் போன் வாங்கியபோது பழையதைப் பாஞ்சாலியிடம் கொடுத்தார்கள், அதுதான் சிந்துவின் போன். காலேஜ் நோட்ஸ் எல்லாம் அதில்தான் வரும். கெமிஸ்ட்ரி மேடம் கரும்பலகையில் எழுதுகிற வழக்கத்தையே விட்டுவிட்டாள். போட்டோவாக எடுத்து வகுப்புக் குழுவில் போட்டுவிடுவாள். போன் இருக்கிற பிள்ளை படிக்கும், இல்லாத பிள்ளை இருக்கிற பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தை நீட்டும்.

போன் வீட்டுக்குள் வந்த வாரமே கோதண்டராமன் கேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஏழு மணிக்குப் போன் மேசைக்கு வர வேண்டும், பூட்டு எண் அவருக்கும் தெரிய வேண்டும். அவர் சட்டையை மாற்றாமலேயே, அந்த நீல யூனிஃபார்மோடு, கதவோரம் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். பழைய நோட்டு ஒன்றில் போன் வந்த நேரம் ஒரு பக்கம், திரும்பிப் போன நேரம் ஒரு பக்கம் என்று எண்களை எழுதிக்கொள்வார். முன்னால் ஒரு ஸ்டிக்கர், பின்னால் ஒரு ஸ்டிக்கர். நேற்று ஒட்டினது இருக்கிறதா, ஓரம் தூக்கியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பார். சிந்துவின் கூட்டாளி வீணா ஒரு நாள் புத்தகம் வாங்க வந்தபோது அவள் போனையும் வாங்கி ஒட்டிவிட்டார். “அங்கிள், நான் உள்ள வரல, வாசல்லயேதான் நிக்கிறேன்” என்று அந்தப் பெண் சொல்லியும் விடவில்லை. கெஞ்சினால் விட்டுவிடுகிற ஆளா அவர்? ஒன்பது வருஷ சர்வீஸ்.

இதெல்லாம் பரவாயில்லை. இதற்கு மேல்தான் வேடிக்கை. கோதண்டராமன் தமிழ்ப் பள்ளியில் நாலாவது வரைக்கும் படித்தவர். தமிழை எழுத்துக் கூட்டுவார், எண் தெரியும். சிந்து படித்ததோ கன்னடப் பள்ளி. தமிழ் வீட்டில் பேசுகிற பாஷை, எழுதுவது கன்னடம், பாடம் இங்கிலீஷ். ஆக, அந்தப் போனுக்குள் அவருக்குப் புரிகிற ஒரு வரி கிடையாது. அப்புறம் எப்படிச் சோதனை நடக்கும்? அதற்கும் வழி வைத்திருந்தார். யாரைச் சோதிக்கிறாரோ அவளையே படித்துச் சொல்லச் சொன்னார்.

“இது இன்னா?”

“ஹோம்வொர்க் பா.”

“இது?”

“அதுவும் ஹோம்வொர்க்.”

“நடுவுல ஒரு நாய்க்குட்டி சிரிக்குதே?”

“ஹோம்வொர்க் முடிஞ்சிதுன்னு அர்த்தம்.”

அவர் நிதானமாகத் தலையாட்டி, “சரி, க்ளியர்” என்பார். நோட்டில் ஒரு கோடு விழும். எழுத்துத் தெரியாதது குற்றமா என்றால், இல்லை, ஒருநாளும் இல்லை. தெரியாத எழுத்துக்கு முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து க்ளியர் என்று சொல்வதுதான் குற்றம். சொல்லிவிட்டேன்.

இன்ஸ்டாகிராமில் அவள் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அவரும் போய்ச் சேர்ந்துகொண்டார். அவளுடையது பூட்டின கணக்குதான், பத்துப் பதினைந்து பெண்கள் மட்டும் பார்ப்பார்கள். அவள் காலேஜ் விழாவுக்குப் புடவை கட்டின படத்தைப் போட்டால், கூட்டாளிகள் எல்லாம் இதயமும் நெருப்பும் போட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், நடுவே வாயால் பேசி எழுத வைத்த அவருடைய வாக்கியம் வந்து உட்காரும்: “சாப்பிட்டாயா எங்கே இருக்கிறாய் பின்னால் நிற்பது யார்.” பின்னால் நின்றது பிரின்சிபால்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு வியாழக்கிழமை நின்றது. அரையாண்டுப் பரீட்சைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. ஏழு மணிச் சோதனையில் கோதண்டராமன் விரலால் தள்ளிக்கொண்டே போனவர், வீணாவின் முகப்புப் படம் இருந்த இடத்தில் நின்றார். நீளநீளமான கன்னடம். நாய்க்குட்டி இல்லை, இதயம் இல்லை. ஹோம்வொர்க் இவ்வளவு நீளம் இருக்காது என்று அவருக்கே தோன்றிவிட்டது.

“இத்தப் படி.”

சிந்து பார்த்தாள். முகம் மாறியது. “அது படிக்க முடியாது பா.”

ஒன்பது வருஷத்தில் கேட்டில் எத்தனையோ பேர் அவரிடம் முடியாது என்றிருக்கிறார்கள். வீட்டில் இதுதான் முதல் தடவை.

“இன்னாத்துக்கு முடியாது?”

“அது எனக்கும் வீணாவுக்கும் நடுவுல. தப்பா ஒண்ணும் இல்ல. விட்டுடு பா.”

“மறைக்க ஒண்ணுமில்லன்னா காட்ட இன்னா பயம்?”

 அவர் போனை யூனிஃபார்ம் பாக்கெட்டில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். “நாளைக்குக் காலைல சீனுகிட்ட குடுத்துப் படிக்கச் சொல்றேன். எவனாவது ஒருத்தன் பேரு இதுல இருந்துச்சு, இந்தப் போன் ஆனேக்கல்ல எங்கக்கா வூட்டுக்குப் போயிடும். நீ புக்க வெச்சிப் படி. நாங்கல்லாம் படிக்கல?”

நாலாவது வரைக்கும் படித்தவர் கேட்கிறார்.

“அப்பா, பரீட்சை நோட்ஸ் பூரா அதுலதான் இருக்குது. பதினெட்டு நாள்தான் கீது” என்றாள் சிந்து. அவர் அசையவில்லை என்றதும் குரலை இறக்கி, “சீனு மாமாகிட்ட காட்டாத. என்ன நம்பு. உனக்காகத்தான் சொல்றேன்” என்றாள்.

உனக்காக என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. கேட்டில் பொய் சொல்கிற ஆள் எல்லாம் அப்படித்தான் ஆரம்பிப்பான்: சார், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.

பாஞ்சாலி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏன்யா, வூட்டுப் பொண்ணு பேச்ச ஆட்டோ ஸ்டாண்டுல வெச்சிப் படிப்பியா? உனுக்குக் கொஞ்சமாச்சும் கீதா?”

“நீ சும்மா இரு. இது செக்யூரிட்டி மேட்டர்.”

அந்த சீனுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோதண்டராமனின் சின்ன வயதுக் கூட்டாளி, ஆட்டோ ஓட்டுகிறார், கன்னடத்தில் பத்தாவது. தினமும் காலையில் ஸ்டாண்டில் கன்னடப் பேப்பரைப் பிரித்து எல்லாருக்கும் படித்துக் காட்டுவார். காட்டுவார் என்பதுகூடச் சரியில்லை. அவருக்கு வேறு வழியில்லை. சத்தம் போடாமல் படிக்க அவருக்கு வராது. உதடு அசைந்தால்தான் கண் ஓடும், குரல் வந்தால்தான் அர்த்தம் வரும். ஒரு வரி கன்னடம், உடனே ஒரு வரி தமிழ். இதெல்லாம் கோதண்டராமனுக்கு நன்றாகத் தெரியும், முப்பது வருஷமாகத் தெரியும். மகளின் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கும்போது அது ஒரு தடவையாவது ஞாபகத்துக்கு வந்ததா? காவல் காக்கிறவனுக்குப் பூட்டுதான் ஞாபகம் இருக்கும், உள்ளே இருக்கிற பொருளைப் பற்றி அவனுக்கு என்ன?

காலை ஏழரை. ஸ்டாண்டில் நாலு ஆட்டோ. பக்கத்தில் ஜூலியாவின் டீ வண்டி, அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர். கோதண்டராமன் டூட்டிக்குப் போகிற யூனிஃபார்மில் வந்து நின்றார்.

“சீனு, இத்தக் கொஞ்சம் படி.”

“பொண்ணு போனா குரு? நமக்கு இன்னாத்துக்கு இது, பேடப்பா, வேணாம்.”

“பயந்தா சொல்லிடு, வேற ஆளப் பாத்துக்கறேன்.”

பயம் என்றதும் சீனு போனை வாங்கிவிட்டார். கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். தொண்டையைச் செருமினார். பேப்பர் படிக்கிற அதே கம்பீரம்.

“‘அப்பனிகெ கொத்தாகபாரது.’ அப்பனுக்குத் தெரியக்கூடாதாம்.”

கோதண்டராமன் சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். பார்த்தீர்களா, நான் சொல்லவில்லையா என்கிற மாதிரி. ஜூலியா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டாள். “மேல படி” என்றார் அவர். குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. மகள் தப்புச் செய்திருக்கிறாள் என்கிற சந்தோஷம். இந்த இனத்துக்கு மட்டும் வருகிற சந்தோஷம் அது. வேறு யாருக்கும் வராது.

சீனு படித்தார். படிக்கப் படிக்கத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். போன மாசம் ஒரு நாள் அப்பா சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு அரை நாள்தான் காலேஜ். கொடுத்துவிட்டு வரலாம் என்று அவர் கம்பெனிக்குப் போனேன். கேட்டில் ஒரு ஆள், கழுத்தில் கார்டு மாட்டினவன், நம்மைவிட நாலைந்து வயசுதான் பெரியவன் இருப்பான், அவன் போனில் அப்பா ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். புதுப் போனாம், கோந்து ஒட்டிக்கொண்டதாம். அத்தனை பேருக்கு முன்னால் கத்தினான். துடை என்றான். அப்பா கைக்குட்டையால் துடைத்தார். போகவில்லை என்றான். அப்பா யூனிஃபார்ம் கையை இழுத்துப் பிடித்து அதில் துடைத்துக் கொடுத்தார், சாரி சார், சாரி சார் என்று மூன்று தடவை சொன்னார்.

சீனுவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஆனால் நிற்கவில்லை. மனசுக்குள் தாண்டிப் போகத் தெரியாத ஆள், என்ன செய்வார்? ஆரம்பித்த வரியை முடித்தாக வேண்டும்.

“‘நான் மரத்துக்குப் பின்னாடி நின்னுட்டேன் வீணா. டப்பாவ இன்னொரு செக்யூரிட்டிகிட்ட குடுத்துட்டு வந்துட்டேன். நான் பாத்தது அப்பாவுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா வூட்டுல தல நிமுந்து உக்கார மாட்டாரு.’”

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. 

“போதும், நிறுத்து சீனு அண்ணா” என்றாள் ஜூலியா.

“ஒரே வரிதான் கீது மா.” சீனு அதையும் படித்தார். “‘அதான் டெய்லி ஏழு மணிக்கு என் போன்ல ஸ்டிக்கர் ஒட்டட்டும்னு உட்டுடறேன். அங்க முடியாதது அவருக்கு இங்கயாச்சும் முடியட்டும்.’”

டீ வண்டியோரம் நின்றிருந்த ஒருவன் மெதுவாகக் கேட்டான்: “கோதண்டண்ணா, போன மாசம் சொன்னீங்களே, கார்டு மாட்டின ஒருத்தன லெஃப்ட் ரைட் வாங்கி சாரி சொல்ல வெச்சேன்னு... அது வேற ஆளா?”

கேட்டவன் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே சந்தேகம் தீர்த்துக்கொள்ளத்தான் கேட்டான். அதுதான் தாங்க முடியவில்லை. கோதண்டராமனுக்குக் காது சூடாகிவிட்டது. அன்றைக்கு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்த இன்னொரு செக்யூரிட்டி, “உன் பொண்ணு நிக்காமப் போயிடுச்சுப்பா” என்று சொன்னது இப்போது ஞாபகத்துக்கு வந்தது. பிள்ளைக்கு என்ன அவசரமோ என்று நினைத்துக்கொண்டு, உட்கார்ந்து, அந்தச் சோற்றைச் சாப்பிட்டிருந்தார். ரசித்தும் சாப்பிட்டிருந்தார்.

இப்போது எண்ணிப் பாருங்கள். நேற்று வரைக்கும் இந்த விஷயம் இரண்டு பெண்களோடு இருந்தது. எந்தப் பிள்ளை போனில் என்ன செய்கிறதோ என்று அவர் உலகத்தைச் சந்தேகப்பட்டாரே, அந்தப் பிள்ளை போனுக்குள் ஒளித்துவைத்திருந்தது அப்பனுடைய மானத்தை. அதைத் தேடிப் பிடித்து, நடந்தே கொண்டுவந்து, தெருவிலேயே குரல் பெரிய ஆளின் கையில் கொடுத்து, மேல படி மேல படி என்று சொன்னது யார்? எந்தக் கெட்டவன் வந்தான்? எந்த இன்ஸ்டாகிராம் செய்தது?

அவர் போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். சிந்து கூடத்தில் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புத்தகம் ஒரே பக்கத்தில்தான் இருந்தது.

“இந்தா” என்று நீட்டினார். “க்ளியர். ஒண்ணும் இல்ல.”

அவள் வாங்கிக்கொண்டாள். “சீனு மாமாதான் படிச்சாரா?”

“ம்.”

“சத்தமாவா?”

 அவள் அப்பன் முகத்தைப் பார்த்தாள், பிறகு பார்க்காமல் இருந்தாள். அந்தப் பெண்ணுக்கு இருந்த பெருந்தன்மை அவ்வளவு. பாஞ்சாலியும் எதுவும் கேட்காமல் டப்பாவைக் கட்டி அவர் முன்னால் வைத்தாள்.

இங்கே ஒரு மனுஷனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, தெரியாமப் பண்ணிட்டேம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். சாரி என்ற சொல் அவருக்குத் தெரியாததா? யாரோ ஒரு பொடியனுக்கு மூன்று தடவை சொன்ன வாய்தானே? சொல்வார் என்று பாஞ்சாலி காத்திருந்தாள். சிந்துவும் காத்திருந்தாள், புத்தகத்தின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு. கோதண்டராமன் தொப்பியை எடுத்தார், டப்பாவை எடுத்தார், செருப்பை மாட்டினார், வாசலில் நின்றார், திரும்பினார்.

“இனிமே கம்பெனிப் பக்கம் நீ வரக்கூடாது” என்றார். “புது ரூல்.”

போய்விட்டார்.

போன் ஆனேக்கல் போகவில்லை. அந்த மட்டில் சிந்து பிழைத்தாள். நோட்ஸ் படித்தாள், பரீட்சை எழுதினாள், நல்ல மார்க்கே வாங்கினாள். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து ஏழு மணி ஆவதற்கு முன்னாலேயே போன் மேசைக்கு வந்துவிடும், பூட்டு எடுத்து, வெளிச்சமாக. உள்ளே கெமிஸ்ட்ரி இருக்கும், பிசிக்ஸ் இருக்கும். வீணாவிடம் “வந்துட்டேன்”, “கெளம்பிட்டேன்”, “சரி” என்று இருக்கும். அதற்கு மேல் ஒரு வரி இருக்காது. அவள் யாரிடமும் எதுவும் எழுதுவதை நிறுத்திவிட்டாள். வீட்டிலும் கேட்டதற்குப் பதில், கொடுத்தால் சாப்பாடு. கல்லூரியில் இன்று என்ன நடந்தது என்று பாஞ்சாலி கேட்டால், “ஒண்ணும் நடக்கல மா” என்பாள். மூன்று மாதமாக அந்தக் காலேஜில் ஒன்றுமே நடக்கவில்லை.

கோதண்டராமனுக்கோ பெருமை தாங்கவில்லை. “பாத்தியா பாஞ்சாலி? எத்தினி சுத்தமா வெச்சிருக்குது போன. எல்லாம் கண்டிப்புதான்.”

“ஆமாய்யா” என்றாள் பாஞ்சாலி. “காலி பண்ணிட்டுப் போன வூடுகூட இப்படித்தான் சுத்தமா இருக்கும்.”

அவருக்குப் புரியவில்லை. இந்த இனத்துக்கு எதிரே நிற்கிறவர் வாயால் சொல்வது புரியாது. போனில் வந்திருந்தால் ஒருவேளை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருப்பார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் படித்தவன், எனக்கு மூன்று பாஷையும் வாசிக்க வரும், நான் யாரிடமும் கொடுத்துப் படிக்க வேண்டியதில்லை, நானே படித்துக்கொள்வேன் என்கிறீர்கள். நல்லது. உங்களை நான் சந்தேகப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான். உங்கள் பிள்ளை தானாக உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நீங்கள் கேட்காமலேயே ஒரு விஷயம் சொன்னதே, கடைசியாக, அது என்ன? நேற்று வேண்டாம். போன வாரம் வேண்டாம். பொங்கலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அவசரமில்லை, நிதானமாக யோசியுங்கள்.

அதற்கு எதற்கு அந்தப் பிள்ளையின் போனை எடுக்கிறீர்கள்?